கல்லுக்குள் கல்

கல்லுக்குள் சிலை ஏற்கெனவே இருக்கிறதாம்,
வேண்டாததை நீக்கினால் போதுமாம்.
திறப்பு விழாக்களில் ஒயின் கோப்பையோடு
யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார்.
பதினெட்டு வருடமாக உடைத்துப் பார்க்கிறேன்.
கல்லுக்குள் கல்தான் இருக்கிறது.

இது கார்சன் குவாரியில் அறுத்த சுண்ணாம்புக் கல்.
மனிடோபா கடலாக இருந்த காலத்தில்
அடிச்சேற்றை ஏதோ சிற்றுயிர்கள் குடைந்த வழியெல்லாம்
தவிட்டு நிறத் தேமலாகப் படர்ந்திருக்கிறது.
நாற்பத்தைந்து கோடி வருடம் என்கிறார்கள்.
மாலையில் மூக்குச் சிந்தினால்
கைக்குட்டையில் கொஞ்சம் கடல்.

ஆப்ராம் ஃப்ரீசன் ஒரு நாயைக் கேட்டார்.
இறந்துபோன நாய். பெயர் வாஃபிள்.
பதினோரு புகைப்படம் கொண்டுவந்தார்,
ஒன்றில்கூட அது அசையாமல் இல்லை.
"வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கணும்,
ரெண்டு காதையும் தூக்கிக்கொண்டு,
நான் வந்துகொண்டிருக்கிற மாதிரி."
கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பதை
ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநருக்கு
எப்படி மொழிபெயர்ப்பது?
அட்வான்ஸ் வாங்கிக்கொண்டேன்.

முதல் வாரம் உளியைத் தொடுவதில்லை.
பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பேன்,
ஆரஞ்சு உரிப்பேன், சாறு தெறிக்காமல்.
புளிப்புப் பட்டால் பொங்கிவிடும்,
சுண்ணாம்பின் சுபாவம்.
அவ்வப்போது சுத்தியலால் தட்டுவேன்.
கருங்கல் என்றால் மணிபோல் பதில் சொல்லும்,
சத்தம் கேட்டே ஆண், பெண் என்று பிரிப்பார்கள்.
இதனிடம் அந்தப் பேச்செல்லாம் இல்லை.
கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ
"ம்" என்பது போல.
அந்த "ம்" எங்கே நிற்கிறதோ
அங்கே சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை இரவு
வினிபெக்கில் எங்கள் பக்கம் மின்சாரம் போனது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கராஜில் ஹீட்டர் அணைந்தது தெரியாமல்
போர்வைக்குள் கிடந்தேன்.
கல்லுக்குள் ஈரம் உண்டா என்பவர்களுக்கு:
உண்டு.
புதிதாய் அறுத்த கல்லில் குவாரித் தண்ணீர்
மாதக்கணக்கில் உலராது.
உறைந்தால் விரியும்.
விடிகாலை நாலு மணிக்குக் கட்டில் வரை கேட்டது,
பலகை ஒடிகிற மாதிரி, ஒரே தரம்.

இடது காதிலிருந்து மார்பு வரை போயிருந்தது.

திட்டினேன்.
கல்லை, மின்கம்பியை, வாஃபிளை.
மூன்று நாள் கராஜுக்குள் போகவில்லை.
நாலாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால்
பிளந்த இடத்தில், விரல் நீளத்துக்கு,
கணவாயின் ஏதோ ஒரு பாட்டனுடைய கூடு.
அறை அறையாக, நேரான கொம்பு மாதிரி.
என் டார்ச்தான் அது பார்த்த
இரண்டாவது வெளிச்சம்.

மிச்சமிருந்த கல் உட்கார மறுத்தது.
சுருண்டு படுக்க மட்டும் இடம் கொடுத்தது.
மூக்கை வாலுக்கடியில் செருகினேன்.
முதுகெலும்பை அந்தக் கூட்டின் வழியே ஓட்டினேன்.
பல் உளி, அரம், அப்புறம்
ஈரத் துணியும் உள்ளங்கையும்.
காதுகளில் மட்டும் உளித்தழும்பை விட்டுவைத்தேன்.
நாய் தூங்கினாலும் காது தூங்காது.

ஃப்ரீசன் வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.
"இவன் இப்படிப் படுத்ததே இல்லை."
பணத்தைத் திருப்பித் தரட்டுமா என்றேன்.
விலாவில் கை வைத்துக்கொண்டு நின்றார்,
மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பவர் போல,
ரொம்ப நேரம்.
வேனில் ஏற்ற எங்கள் இருவரால் முடியவில்லை.
எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டோம்.

ஏப்ரலில் ஃபோன் வந்தது.
பனி கரைந்ததும் அடுத்த தெரு நாயொன்று
தோட்டத்துக்குள் நுழைந்ததாம்.
வாலாட்டியதாம். சுற்றிச் சுற்றி மோந்ததாம்.
பிறகு பின்னங்காலைத் தூக்கி
முதுகின் மேலேயே...
முடிக்க முடியாமல் சிரித்தார்.
கறை பிடிக்குமா?
பிடிக்கும். தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள்,
வினிகர் வேண்டாம்.

ஃபோனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன்.
வாலாட்டியது நாயைக் கண்டு.
காலைத் தூக்கியது கல்லைக் கண்டு.
நடுவில் கொஞ்ச நேரம்
மோந்துகொண்டே நின்றதே,
அப்போது எதைக் கண்டது?